அப்டன் தெரு ஆய்வகமும் பத்தாம் ஐஸும்

விழா மலரில் வரும் நிறுவன வரலாறு என்றால் நிறுவனர் படம், கட்டடம் எழும்பிய கதை, பதவி வகித்தோர் பட்டியல் என்று ஒரு தடம் உண்டு. நம் இயற்பியல் மன்றத்தின் மலருக்கு அந்தத் தடத்திலேயே, ஆனால் அயல்நாட்டு ஆய்வகம் ஒன்றின் வரலாற்றை எழுதுகிறேன். பாறைகளை உருக்கிப் பார்ப்பதற்கென்று 1905-இல் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் தோன்றிய ஓர் ஆய்வகம், பின்னாளில் பனிக்கட்டியை எடுத்துக்கொண்டது. அதற்குள் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்பை நெருக்கி நெருக்கி, எந்த இடத்தில் அது தன் குணத்தையே இழக்கிறது என்று காட்டியது. பாறை ஆய்வகத்துக்குப் பனிக்கட்டி எப்படி வந்தது, நடுவில் யார் யார் என்னென்ன கருவி செய்தார்கள் என்பதே இங்கே சொல்லப்போவது. சென்னையில் பிறந்த ஒரு படிகவியலாளரும், மும்பை டிராம்பேயிலிருந்து அங்கே போன ஓர் ஆய்வாளரும் இதில் வருகிறார்கள்.

பிணைப்பின் கணக்கு

குளிர்பதனப் பெட்டியில் உறையும் சாதாரண ஐஸில் ஒவ்வோர் ஆக்சிஜன் அணுவையும் சுற்றி நான்கு ஆக்சிஜன்கள், நான்முகியின் முனைகளில் நிற்பதுபோல் நிற்கின்றன. அடுத்தடுத்த இரண்டு ஆக்சிஜன்களுக்கு நடுவே உள்ள தூரம் சுமார் 2.76 ஆங்ஸ்ட்ராம். அந்தத் தூரத்தில் ஒரே ஒரு ஹைட்ரஜன். அது நட்டநடுவில் இருப்பதில்லை. ஓர் ஆக்சிஜனிடமிருந்து ஏறத்தாழ 1 ஆங்ஸ்ட்ராம் தள்ளி, அதன் சொந்தப் பிள்ளையாக உட்கார்ந்திருக்கிறது. மற்ற ஆக்சிஜன் 1.75 ஆங்ஸ்ட்ராமுக்கு அப்பால் இருந்து அதை இழுக்கிறது. முதல் உறவு சகப்பிணைப்பு. இரண்டாவது உறவைத்தான் ஹைட்ரஜன் பிணைப்பு என்கிறோம். வலிமையில் முதலாவது இரண்டாவதைவிடப் பல மடங்கு பெரியது.

ஒவ்வோர் ஆக்சிஜனுக்கும் இரண்டு ஹைட்ரஜன் பக்கத்தில், இரண்டு தொலைவில். ஓர் இணைப்புக்கு ஒரு ஹைட்ரஜன். 1933-இல் பெர்னலும் ஃபௌலரும் வகுத்த விதி இது. இந்த விதியை மீறாமலேயே ஹைட்ரஜன்கள் எண்ணற்ற விதங்களில் மாறி உட்காரலாம் என்று 1935-இல் லைனஸ் பாலிங் கணக்கிட்டுச் சொன்னார். எவ்வளவு குளிரவைத்தாலும் ஐஸில் ஒரு சிறு ஒழுங்கின்மை தங்கிவிடும் என்ற அவருடைய எண்ணை, அடுத்த ஆண்டே ஜியோக்கும் ஸ்டௌட்டும் வெப்ப அளவீட்டில் சரிபார்த்துவிட்டார்கள். ஒரு தாளில் போட்ட கணக்கு இவ்வளவு சுத்தமாக ஆய்வுக்கூடத்தில் பலிப்பது அபூர்வம்.

இந்த வரிசையில் நம்மவர் ஒருவரும் உண்டு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஆர். சிதம்பரம், 1961-இல் ‘ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா’ இதழில் ஒரு மாதிரியை வெளியிட்டார். தனி நீர் மூலக்கூறின் கோணம் 104.5 பாகை, நான்முகியின் கோணம் 109.5 பாகை. ஐஸுக்குள் போனாலும் மூலக்கூறு தன் கோணத்தைப் பெரும்பாலும் விட்டுக்கொடுப்பதில்லை, ஆகவே ஹைட்ரஜன் இரண்டு ஆக்சிஜன்களை இணைக்கும் நேர்கோட்டிலிருந்து சற்று விலகித்தான் நிற்கும், பிணைப்பு லேசாக வளைந்தது என்பது அவர் வாதம். பின்னாளில் அணுசக்தி ஆணையத் தலைவர், அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் என்று அவரை அறிந்தவர்கள் பலர். சென்னையில் பிறந்து மாநிலக் கல்லூரியில் படித்த அந்த இளைஞரின் தொடக்ககால ஆய்வுகளில் ஒன்று ஐஸைப் பற்றியது என்று அறிந்தவர்கள் சிலர்தான்.

பிணைப்பு வளையக்கூடியது என்ற இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அழுத்தத்துக்கு ஐஸ் முதலில் கொடுக்கும் பதிலே அதுதான்.

எஃகுச் சுவருக்குள் ஐந்து ஐஸ்

சாதாரண ஐஸ் இடம் நிறைய விட்டுக் கட்டிய வீடு. அதனால்தான் அதன் அடர்த்தி நீரைவிடக் குறைந்து 0.917-இல் நிற்கிறது, மிதக்கிறது. அழுத்தினால் அந்த வெற்றிடம் மூடத்தானே வேண்டும்? 1900-இல் ஜெர்மன் வேதியியலாளர் குஸ்தாவ் தாமான் சுமார் 2,000 வளிமண்டல அழுத்தத்துக்கு மேல், உறைநிலைக்குக் கீழே, நீரைவிடக் கனமான இரண்டு புது ஐஸ் வகைகளைக் கண்டார். அவை ஐஸ்-2, ஐஸ்-3. (உலக வழக்கில் இவற்றுக்கு ரோமன் எண்கள், இங்கே சாதாரண எண்களில் தருகிறேன்.)

அடுத்தவர் ஹார்வர்டின் பெர்சி பிரிட்ஜ்மன். உயர் அழுத்தத்தில் திரவம் கசிவதுதான் அந்தக் காலத்துப் பெரும் தலைவலி. திரவத்தின் அழுத்தம் ஏற ஏற அடைப்பானும் அதைவிட இறுகிக்கொள்ளும்படி அவர் ஒரு முத்திரை அமைப்பைச் செய்தார். அதற்கப்புறம் எஃகு எவ்வளவு தாங்குமோ அதுவே எல்லை என்றாயிற்று. 1912-இல் அவர் வெளியிட்ட நூறு பக்கத்துக்கு மேற்பட்ட கட்டுரை, நீருக்குத் திரவ நிலையோடு ஐந்து திண்ம நிலைகள் உண்டு என்று அறிவித்தது. ஐஸ்-5, ஐஸ்-6 இரண்டும் அதில் புதியவை. 1937-இல் ஐஸ்-7 வந்தது. அது கொதிநீரின் வெப்பத்திலும் உருகாத ஐஸ்: சுமார் 24,000 வளிமண்டல அழுத்தத்தில் 100 டிகிரி செல்சியஸிலும் திண்மமாகவே இருக்கும். 1946-இல் பிரிட்ஜ்மனுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் பிரிட்ஜ்மன் ஐஸை உருவாக்கினாரே தவிர, கண்ணால் பார்க்கவில்லை. தடித்த எஃகுச் சுவருக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் கனஅளவு திடீரென்று குறைவதை வைத்து ஊகிக்க வேண்டியிருந்தது. அணுக்கள் எங்கே இருக்கின்றன என்று அந்தச் சுவர் சொல்லவில்லை. 1960-களில் கால்டெக்கின் பார்க்ளே காம்ப் அழுத்தத்தில் செய்த ஐஸைத் திரவ நைட்ரஜனில் குளிரவைத்து, அழுத்தத்தை விடுவித்த பிறகும் அது மாறாமல் நிற்பதைப் பயன்படுத்தி எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்தார். ஐஸ்-2 முதல் ஐஸ்-7 வரை பலவற்றின் கட்டமைப்பு தெரியவந்தது அவருடைய உழைப்பால்தான். கனடாவின் ஒட்டாவாவில் எட்வர்ட் வாலியின் குழு நிறமாலை வழியாக அதே காலத்தில் ஐஸைத் துருவிக்கொண்டிருந்தது. ஐஸ்-8, ஐஸ்-9 இரண்டும் அந்தக் குழுவின் பங்களிப்பு. கர்ட் வானகட்டின் 1963 நாவலில் கடலையே உறையவைக்கும் ‘ஐஸ்-9’ ஒரு கற்பனை. வாலி குழுவின் ஐஸ்-9 பரம சாது; அழுத்தமும் கடுங்குளிரும் இல்லாவிட்டால் அது உருவாகவே உருவாகாது.

பாறைக்குக் கட்டிய வீடு

இனி நம் ஆய்வகம். இரும்புத் தொழிலில் பெரும் பணம் சேர்த்த ஆண்ட்ரூ கார்னகி 1902-இல் 1 கோடி டாலர் கொடுத்து வாஷிங்டனில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தை ஏற்படுத்தினார். அதன் கிளையாக 1905-இல் புவி இயற்பியல் ஆய்வகம் ஒப்புதல் பெற்றது. 1907-இல் நகரின் வடமேற்கே அப்டன் தெருவில் கட்டடம் எழும்பியது. முதல் இயக்குநர் ஆர்தர் டே. ஜெர்மனியில் உயர் வெப்பநிலை அளவீட்டில் கை தேர்ந்தவர். அளவீடு சரியாக இல்லாத இடத்தில் புவியியல் வெறும் வர்ணனைதான் என்பது அவர் போக்கு. என்.எல். போவன் இங்கேதான் கற்குழம்பு குளிரும்போது எந்தக் கனிமம் முதலில் படியும், எது அடுத்து என்ற வரிசையைக் கண்டார். முதல் உலகப் போரில் ஜெர்மனியிலிருந்து வந்த ஒளியியல் கண்ணாடி நின்றுபோனபோது, சிலிக்கேட் உருக்கத் தெரிந்த இந்த ஆட்களைத்தான் அமெரிக்க அரசு கண்ணாடித் தொழிற்சாலைகளுக்கு அனுப்பியது.

பதவிப் பட்டியல் போட்டு உங்களைச் சோதிக்க மாட்டேன். ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த ஆய்வகம் தொடக்கம் முதல் தனக்கு வேண்டிய கருவியைத் தானே செய்துகொண்டது. லேத் இருந்தது, அதில் வேலை செய்யத் தெரிந்தவர்கள் இருந்தார்கள், அவர்களோடு ஆராய்ச்சியாளர்கள் தோளோடு தோள் நின்றார்கள். ஹாட்டன் யோடர் 1940-களின் இறுதியில் பாறையை 10,000 வளிமண்டல அழுத்தத்தில் வைத்து உருக்கும் வாயுக் கலத்தைச் செய்தார். 1960-இல் ஃபிரான்சிஸ் பாய்டும் ஜோசப் இங்கிலாந்தும் உருவாக்கிய பிஸ்டன் கருவி அதைப்போல் ஐந்து மடங்குக்குப் போனது. இன்றும் உலகெங்கும் பாறையியல் கூடங்களில் அந்த வடிவம் புழங்குகிறது. பூமிக்குள் இன்னும் ஆழமாகப் போக வேண்டும் என்ற ஒரே ஆசைதான் இத்தனைக்கும் பின்னால்.

பக்கத்துத் தெரு வைரம்

அந்த ஆசைக்குப் பதில் பக்கத்திலேயே கிடைத்தது. அமெரிக்கத் தேசிய அளவீட்டு நிறுவனத்தின் அப்போதைய வளாகம் அப்டன் தெருவுக்குக் கூப்பிடு தூரம். அங்கே 1958, 59-இல் சார்லஸ் வீர், எல்லிஸ் லிப்பின்காட், ஆல்வின் வான் வால்கன்பர்க், எல்மர் பன்டிங் நால்வரும் இரண்டு வைரங்களின் முனைகளை எதிரெதிரே வைத்து இறுக்கும் கலத்தைச் செய்தார்கள். வைரத்துக்கு எங்கே போவது? கடத்தல்காரர்களிடம் சுங்கத்துறை பறிமுதல் செய்து வைத்திருந்த கற்கள் அரசு ஆய்வகம் என்பதால் காசில்லாமல் கிடைத்தன. கடத்தல் வைரம் இதைவிட நல்ல காரியத்துக்குப் பயன்பட்டதாக எனக்குத் தெரியவில்லை. சிகாகோவிலும் வேறொரு குழு அதே சமயத்தில் வைரத்தை எக்ஸ்-கதிர் ஆய்வுக்குக் கொண்டுவந்திருந்தது.

இரண்டு வைரங்களுக்கு நடுவே மெல்லிய உலோகத் தகடு ஒன்றை வைத்து, அதில் நுண்துளை போட்டு, துளைக்குள் திரவத்தை அடைக்கலாம் என்று கண்டவர் வான் வால்கன்பர்க். அந்தத் தகடுதான் கேஸ்கெட். இப்போது நீர் உறைவதைக் கண்ணாலேயே பார்க்க முடிந்தது. அந்தக் காட்சியைச் சற்று நெருங்கிப் பார்ப்போம், ஏனென்றால் இன்றும் மாணவர்களுக்கு முதலில் இதைத்தான் காட்டுகிறார்கள்.

எஃகுத் தகட்டில் தலைமயிரைவிடச் சற்றே அகலமான துளை. நுண்ணோக்கியின் கீழ் ஊசி முனையால் தூசி அளவு மாணிக்கத் துணுக்கை அதில் வைப்பார்கள். ஒரு சொட்டு நீர். மேல் வைரத்தைச் சட்டென்று இறக்கித் திருகை இறுக்க வேண்டும். தாமதித்தால் நீர் ஓடிவிடும். திருகு திரும்பத் திரும்பத் துளைக்குள் ஒன்றும் நடவாததுபோல் இருக்கும். அழுத்தம் 10,000 வளிமண்டலத்தை நெருங்கும்போது, அறை வெப்பநிலையிலேயே, துளை முழுதும் கண்ணிமைக்கும் நேரத்தில் மங்கிப்போகும். அது ஐஸ்-6. திருகை ஒரு நூல் தளர்த்தினால் பல துண்டுகள் கரைந்து ஒரே ஒரு படிகம் மிஞ்சும். மறுபடி மெல்ல இறுக்கினால் அது கூரிய விளிம்புகளோடு வளரும். 22,000-ஐத் தாண்டியதும் இன்னொரு மாற்றம், ஐஸ்-7. அழுத்தத்தை எப்படி அறிவது? மாணிக்கத்தின் மேல் லேசர் பட்டால் அது சிவப்பில் ஒளிரும். ஒவ்வொரு 10,000 வளிமண்டலத்துக்கும், அதாவது ஒவ்வொரு ஜிகாபாஸ்கலுக்கும், அந்தச் சிவப்பு சுமார் 0.36 நானோமீட்டர் நகரும். 1972-இல் இதைக் கண்டவர்களும் அதே அளவீட்டு நிறுவனத்தார்தான்.

அப்டன் தெருவில் இந்தக் கலத்தைக் கையில் எடுத்தவர்கள் பீட்டர் பெல்லும், ஷாங்காயில் பிறந்த ஹோ-க்வாங் மாவும். வைரங்களின் அச்சு இம்மியும் பிசகாமல் நேருக்கு நேர் நிற்க வேண்டும் என்பதில் அவர்கள் காட்டிய பிடிவாதம் 1976-இல் பலன் தந்தது: 100 ஜிகாபாஸ்கல், 10 லட்சம் வளிமண்டலம். பெரிய எந்திரம் எதுவும் இல்லை. 0.1 மில்லிமீட்டர் அகல முனையின் மேல் 80 கிலோ எடை அழுத்தினால் கணக்கு அங்கே வந்துவிடும். கருவி உள்ளங்கையில் அடங்கும். பூமியின் கருவுக்குள் போகும் வழி அப்படித் திறந்தது.

ஐஸும் அப்போதுதான் உள்ளே வந்தது. யுரேனஸ், நெப்டியூன் கோள்களின் உடலில் பெரும்பகுதி அழுத்தத்துக்குள் சிக்கிய நீரும் அதன் சுற்றத்தாரும். வியாழனின் கேனிமீட், சனியின் டைட்டன் போன்ற நிலவுகளுக்குள் உயர் அழுத்த ஐஸ் அடுக்குகள் இருக்க வேண்டும். பூமியைத் திறந்தவர்கள் பக்கத்துக் கோள்களை விட்டுவைப்பார்களா?

விடாக்கண்டனும் கொடாக்கண்டனும்

அழுத்தத்துக்கு ஐஸ் எப்படி இடம் கொடுக்கிறது என்பதில் ஓர் ஏமாற்று வேலை இருக்கிறது. அழுத்தினால் பிணைப்பு குறுகும் என்றுதான் யாரும் நினைப்போம். நடப்பது அதற்கு நேர் எதிர். ஐஸ்-2, 3, 5 ஆகியவற்றில் ஆக்சிஜன்களுக்கு நடுவிலான தூரம் சாதாரண ஐஸில் உள்ளதைவிடக் குறையவில்லை. சில இடங்களில் சற்றுக் கூடியும் இருக்கிறது. கோணங்கள்தாம் நெளிகின்றன. 109.5 பாகையாக இருக்க வேண்டியது ஐஸ்-5-இல் 80-களிலிருந்து 120-களுக்கு மேல்வரை அலைகிறது. பிணைப்புகளை வளைத்து, வளையங்களை நெளித்து, பிணைப்பில்லாத அண்டை மூலக்கூறுகளை இடைவெளிக்குள் இழுத்துக்கொள்கிறது ஐஸ். பிணைப்பு எண்ணிக்கை மட்டும் மாறுவதில்லை: ஒவ்வோர் ஆக்சிஜனுக்கும் நான்கு, எப்போதும் நான்கு.

ஐஸ்-6, 7 இரண்டும் இன்னொரு படி போகின்றன. ஐஸ்-7-இல் இரண்டு முழு வலைகள் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நிற்கின்றன. ஒரே திடலில் இரண்டு பந்தல்களுக்குச் சாரம் கட்டி, ஒன்றின் மூங்கில்கள் மற்றதன் இடைவெளிகளில் போய்வருகின்றன, ஆனால் எந்த முடிச்சும் இரண்டுக்கும் பொதுவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்; அதுதான் அந்தக் கட்டமைப்பு. ஓர் ஆக்சிஜனைச் சுற்றிச் சம தூரத்தில் எட்டு ஆக்சிஜன், பிணைப்பு நான்கோடுதான். அடர்த்தி சுமார் 1.65-க்கு ஏறிவிட்டது. ஆனால் பிணைந்த ஆக்சிஜன்களுக்கு நடுவே தூரம் சுமார் 2.87 ஆங்ஸ்ட்ராம்! சாதாரண ஐஸின் 2.76-ஐவிட அதிகம். இரண்டு பங்கு ஆள் நெருங்கிய வீட்டில் தனித்தனி உறவுகள் சற்றுத் தளர்ந்திருக்கின்றன.

கடுங்குளிரில் வேறொரு கதை. 1984-இல் ஒட்டாவாவில் மிஷிமா, கால்வர்ட், வாலி மூவரும் திரவ நைட்ரஜன் வெப்பநிலையில், 77 கெல்வினில், சாதாரண ஐஸை 1 ஜிகாபாஸ்கல் அளவுக்கு அழுத்தினார்கள். வேறொரு படிகமாக மாறும் அளவுக்கு மூலக்கூறுகளுக்குச் சூடு இல்லை. வலை அப்படியே சரிந்து கண்ணாடிபோல் ஒழுங்கற்ற ஐஸ் ஆனது. அப்டன் தெருவிலும் ரஸ்ஸல் ஹெம்லி, சென், மாவ் மூவரும் 1989-இல் இதன் தொடர்ச்சியை வைரக் கலத்தில் பார்த்தார்கள்.

ஐஸ்-7-க்குப் பிறகு வளைக்கவும் நெளிக்கவும் ஒன்றும் மிச்சமில்லை. 1987-இல் ஹெம்லி, மாவ், சகாக்கள் 128 ஜிகாபாஸ்கல்வரை எக்ஸ்-கதிரால் பார்த்தபோது, ஆக்சிஜன்களின் அடுக்கு ஐஸ்-7-இல் இருந்த அதே அடுக்காகவே தொடர்ந்தது. சுருங்கியது மட்டும்தான். வேறு போக்கிடம் இல்லாததால் இப்போதுதான் பிணைப்பு உண்மையில் குறுகத் தொடங்குகிறது. குறுகக் குறுக, தொலைவில் இருந்த ஆக்சிஜனின் இழுப்பு பலமாகிறது, ஹைட்ரஜன் தன் சொந்த ஆக்சிஜனிடமிருந்து மெல்லப் பிரிகிறது, சகப்பிணைப்பு வலுவிழக்கிறது. ஓர் இடத்தில் இரண்டு பக்கமும் ஒரே வலிமை. ஹைட்ரஜன் நட்டநடுவில். சகப்பிணைப்பு எது, ஹைட்ரஜன் பிணைப்பு எது என்று பிரிக்க முடியாத நிலை. அங்கே நீர் மூலக்கூறு என்று ஒன்று இல்லை. இரண்டு ஹைட்ரஜனுக்கு ஓர் ஆக்சிஜன் என்ற விகிதம் மட்டும் மிஞ்சுகிறது. இப்படி நடக்க வேண்டும் என்று 1972-இல் ஜெர்மனியின் வில்ஃப்ரீட் ஹோல்சாப்ஃபெல் கணக்கிட்டிருந்தார். 1984-இல் போலியானும் கிரிம்ஸ்டிச்சும் ஒளிச்சிதறலில் ஒரு மாற்றத்தைக் கண்டு ஐஸ்-10 என்று பெயர் வைத்தார்கள். பெயர் இருந்தது. ஹைட்ரஜன் நடுவில்தான் இருக்கிறதா என்பதற்குத் திடமான சான்று இல்லை.

1996

சான்று ஏன் தாமதமானது? எக்ஸ்-கதிர் எலக்ட்ரான்களைத்தான் பார்க்கும். ஹைட்ரஜனிடம் இருப்பது ஒன்றே ஒன்று. ஆகவே ஹைட்ரஜனை நேராகப் பார்ப்பதைவிட, அது எப்படி அதிர்கிறது என்று கேட்பதே வழி. சாதாரண ஐஸில் ஆக்சிஜன்–ஹைட்ரஜன் அதிர்வு சென்டிமீட்டருக்கு 3,200 அலை என்ற அளவில் இருக்கும். பிணைப்பு வலுவிழந்தால் அந்த எண் இறங்கும். இதிலும் ஒரு சனியன்: இறங்கி வரும் வழியில் 2,700-க்கும் 1,800-க்கும் நடுவே வைரமே அகச்சிவப்பு ஒளியை விழுங்கிவிடுகிறது. நீரும் ஒளியை வெகுவாக விழுங்கும் பொருள் என்பதால் உள்ளே போன ஒளி வெளியே வருவதே கஷ்டம்.

ரஷ்யாவின் டிராய்ட்ஸ்க் உயர் அழுத்த நிறுவனத்திலிருந்து வந்த அலெக்சாண்டர் கோன்சரோவ், விக்டர் ஸ்ட்ருஷ்கின், டிராம்பே பாபா அணு ஆராய்ச்சி மையத்திலிருந்து வந்த மத்தூரி சோமயாஜுலு, ஹெம்லி, மாவ் ஐவரும் ஒளியை ஊடுருவ விடாமல் எதிரொளிக்க விட்டுப் பார்த்தார்கள். நுண்துளைக்குள் போகும் அளவு மெல்லிய, பிரகாசமான அகச்சிவப்புக்கு சிங்க்ரோட்ரான் ஒளி வேண்டும். நியூயார்க் மாநிலத்தின் புரூக்ஹேவன் ஆய்வகம் அதைத் தந்தது. 1996-இல் ‘சயின்ஸ்’ இதழில் முடிவு வந்தது. அழுத்தம் ஏற ஏற அதிர்வு எண் இறங்கிக்கொண்டே போகிறது. 60 ஜிகாபாஸ்கல் அருகே திரும்பி ஏறத் தொடங்குகிறது. கன நீரில் அதே திருப்பம் 70-இல். 210 ஜிகாபாஸ்கல்வரை போயும் புது நிலை கலையவில்லை. 21 லட்சம் வளிமண்டலம்! ஜப்பானின் சுகுபாவில் ஆவோகி குழுவும் அதே ஆண்டு 110 ஜிகாபாஸ்கல்வரை தன் அகச்சிவப்பு அளவீட்டை வெளியிட்டது. இரு குழுக்களும் ஒரே வட்டாரத்தில்தான் வந்து நின்றன.

அந்த 60-க்கும் 70-க்கும் உள்ள வித்தியாசம் எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகவும் பிடித்த எண். வேதியியலில் கன ஹைட்ரஜனும் சாதாரண ஹைட்ரஜனும் ஒன்றே, எடைதான் இரட்டிப்பு. எடை மட்டும் மாறி மாற்றத்தின் அழுத்தம் தள்ளிப்போகிறது என்றால், புரோட்டானைச் சிறு உருண்டையாக நினைக்கும் கணக்கு போதாது, அலையாகவும் நினைக்க வேண்டும். 1998-இல் பெனுவா, மார்க்ஸ், பாரினெல்லோ மூவரும் இதைக் கணினியில் போட்டுக் காட்டினார்கள். இரண்டு ஆக்சிஜன்களுக்கு நடுவே ஹைட்ரஜனுக்கு இரண்டு குழிகள், நடுவில் ஒரு மேடு. அழுத்தத்தில் மேடு தாழ்கிறது. மேடு முழுதும் மறைவதற்கு முன்பே, குவாண்டம் நடுக்கத்தால் புரோட்டான் அதைக் கடந்து இருபுறமும் பரவிவிடுகிறது. சராசரியில் நடுவில் இருப்பதுபோல் தெரிகிறது. இன்னும் அழுத்தினால் மேடே இல்லாமல் போய், உண்மையாகவே நடுவில் அமர்கிறது. ஐஸ்-7 ஒரே நாளில் ஐஸ்-10 ஆவதில்லை. இடையில் இந்த ஊசலாட்டம் உண்டு. வெவ்வேறு ஆய்வகங்கள் வெவ்வேறு அழுத்தத்தைச் சொன்னதற்கு இந்த நீண்ட இடைநிலையும் ஒரு காரணம். அதனால் ‘ஐஸ்-10 இத்தனை ஜிகாபாஸ்கலில் உருவாகிறது’ என்று ஒற்றை எண்ணைச் சொல்லும் பாடநூல்களை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிப்பேன்.

பிற்பாடு

1990-இலேயே ஆய்வகம் அப்டன் தெருவை விட்டு பிராட் பிராஞ்ச் சாலை வளாகத்துக்குப் போய்விட்டிருந்தது. பழைய கட்டடத்தில் இப்போது இசைப் பள்ளி நடக்கிறது. 2020-இல் கார்னகியின் இன்னொரு துறையோடு இணைந்து ‘புவி மற்றும் கோள்கள் ஆய்வகம்’ என்ற பெயர் வந்தது. ஹைட்ரஜனை நேரில் பார்க்கும் வேலை நியூட்ரான்களிடம் போனது. அவை அணுக்கருவையே பார்க்கும். ஆனால் நியூட்ரானுக்குப் பெரிய மாதிரி வேண்டும், பெரிய மாதிரியை அழுத்துவது கடினம். 2013-இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் 52 ஜிகாபாஸ்கல்வரை போனார்கள்; அதில் இந்த ஆய்வகத்தாரும் இருந்தார்கள். 2024-இல் ஜப்பானின் கசுக்கி கொமாட்சு குழு கன நீர் ஐஸில் 100-ஐத் தாண்டியது. இரண்டு இடங்களில் பிரிந்து தெரிந்த டியூட்டீரியம் (கன ஹைட்ரஜன்), சுமார் 80 ஜிகாபாஸ்கலில் ஒன்றாகச் சேர்வதை அவர்கள் கண்டார்கள். 1972-இல் போட்ட கணக்குக்கு அணுக்கருவே சாட்சி சொல்ல அரை நூற்றாண்டு ஆயிற்று.

இதற்கிடையே 2018-இல் ஒரு வேடிக்கை. பூமியின் ஆழத்தில் விளைந்து மேலே வந்த வைரங்களுக்குள் ஐஸ்-7 சிக்கியிருப்பதை ஆலிவர் சௌனர் குழு கண்டது. ஆழத்தில் வைரம் வளர்ந்தபோது அகப்பட்ட நீர், மேலே வந்த பிறகும் வைரச் சிறைக்குள் அழுத்தம் முற்றிலும் தளராமல் ஐஸாகிவிட்டது. ஐஸ்-7 இப்போது முறைப்படி ஒரு கனிமம். பாறைக்காகக் கட்டிய ஆய்வகம் ஐஸில் இறங்கியது தடம் மாறியதாகாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

டிராம்பேயில் சிதம்பரம் நியூட்ரான் கொண்டு ஹைட்ரஜன் பிணைப்பை ஆராயும் மரபை 1960-களிலேயே ஊன்றினார். பொட்டாசியம் ஆக்சலேட்டின் படிக நீரைப் பற்றி அவரும் செக்வேராவும் சிக்காவும் 1964-இல் வெளியிட்ட ஆய்வு அந்தத் துறையில் பலரும் எடுத்தாள்வது. உயர் அழுத்த இயற்பியலும் அவர் முன்னெடுப்பில்தான் அங்கே வளர்ந்தது. சிக்கா, சுரிந்தர் சர்மா வழியாக அது தொடர்ந்து, ஒரு கிளைசின்–ஆக்சலிக் அமிலப் படிகத்தில் வெறும் 8 ஜிகாபாஸ்கலிலேயே ஹைட்ரஜன் நடுவுக்கு வந்துவிடுவதாக டிராம்பே குழு 2016-இல் அறிவித்தது. ஐஸில் 60 கேட்கும் காரியம், முன்பே வலுவான பிணைப்புள்ள படிகத்தில் எட்டில் முடிகிறது. சிதம்பரம் 2025 ஜனவரி 4-இல் காலமானார்.

இந்த ஆய்வகங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் என் தீர்ப்பு ஒன்றுதான். பிரிட்ஜ்மனின் அடைப்பான், வான் வால்கன்பர்க்கின் தகடு, மாவ்–பெல்லின் அச்சு நேர்த்தி ஆகிய மூன்றும் கடையில் வாங்கியவை அல்ல. ஆய்வாளரே பட்டறையில் நின்று செய்தவை. நம் கல்லூரிகள் பலவற்றில் இயற்பியல் துறையின் பட்டறை அறையைப் பொருள் வைக்கும் அறையாக மாற்றி வெகுநாளாகிறது. மன்றத்தின் விழா நிதியில் மிச்சம் இருந்தால் பொறுப்பாளர்களுக்கு என் விண்ணப்பம்: அந்த அறையைத் திறந்து ஒரு சிறு லேத்தும் ஒரு நல்ல நுண்ணோக்கியும் வாங்கிப் போடுங்கள். கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் வைரக் கலம் இருக்கிறது. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் உயர் அழுத்த ஆராய்ச்சிக்கென்றே ஒரு மையம் இருக்கிறது. மூன்றாம் ஆண்டு மாணவர்களை அங்கே அழைத்துப் போக முறைப்படி கடிதம் எழுதுங்கள்.